சுவையை ஒப்பிடுதல்: அமெரிக்கச் சிற்றாலைப் பீர்களிலிருந்து ஒரு பாடம்

இரு பொருள்களில் எது நீளமானது என்று அறிய அளவுகோல் இருக்கிறது. எது கனமானது என்று அறியத் தராசு இருக்கிறது. எது சுவையானது என்ற கேள்விக்கு நாக்கும் மூக்குமே கருவிகள். இக்கருவிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒரே ஆளிடத்திலும் காலையில் ஒருவாறும் மாலையில் வேறொருவாறும் இயங்குகின்றன. ஆயினும் அரிசி, தேயிலை, காப்பி, பால், மாம்பழம், குடிநீர் ஆகியவற்றின் தரத்தை முடிவு செய்யும்போது இவற்றை ஒதுக்கிவிட முடிவதில்லை. ஆகவே, நம்பகமற்றவை போல் தோன்றும் இக்கருவிகளிலிருந்து நம்பத்தக்க முடிவைப் பெறுவது எவ்வாறு என்பது விஞ்ஞானத்தின் முக்கியமான கேள்விகளுள் ஒன்றாகும்.

இக்கேள்விக்கு விடை காண உதவும் உதாரணம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிடைக்கிறது. அங்குச் சிறு ஆலைகளில் காய்ச்சப்படும் ‘கிராஃப்ட் பீர்’ என்னும் பானத்தின் ரசிகர்கள், எது சிறந்தது என்று பல ஆண்டுகளாக வாதிட்டும், வாக்களித்தும், போட்டிகள் நடத்தியும் வந்திருக்கின்றனர். அவர்கள் செய்த தவறுகளும், அத்தவறுகளைத் திருத்த அவர்கள் மேற்கொண்ட முறைகளும், சுவையைப் பற்றித் தீர்ப்புக் கூற வேண்டிய எவருக்கும் பயன்படுவன. மதுபானத்தைப் பரிந்துரைப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. ஒப்பிடும் முறையை விளக்குவதே நோக்கமாகும்.

சிற்றாலைகள் தோன்றிய வரலாறு

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நாடு முழுவதும் அமலில் இருந்தது. விலக்கு நீங்கிய பின் மீண்டெழுந்த ஆலைகள் நாளடைவில் ஒன்றோடொன்று இணைந்தும், போட்டியில் தோற்று மூடப்பட்டும் குறைந்துவந்தன. 1970-களின் இறுதியில் நாடு முழுவதிலும் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வெளிர் நிறமும் மென்மையான சுவையும் கொண்ட ஒரே வகைப் பீரைத் தயாரித்தன. ஒப்பிடுவதற்கு அதிகம் இல்லாத காலம் அது.

மாற்றம் சிறிய அளவில் தொடங்கியது. 1965-ல் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர், மூடப்படும் நிலையிலிருந்த ஆங்கர் என்னும் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரப் பழைய ஆலையில் பங்கு வாங்கி அதைக் காப்பாற்றினார். 1976-ல் ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவின் ஸொனோமாவில் நியூ ஆல்பியன் என்னும் புதிய சிற்றாலையைத் தொடங்கினார். அது 1982-ல் மூடப்பட்டது. எனினும், பெருமுதல் இல்லாமல் ஆலை ஒன்றை அமைக்க முடியும் என்பதைப் பலருக்கு எடுத்துக்காட்டியது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட ஒரு சட்டத்தின்மூலம், சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் வரி விலக்கு கிடைத்தது. வீட்டில் பயின்றவர்களுள் சிலர் பின்னர் ஆலை உரிமையாளர் ஆயினர். சீக்கோ நகரில் 1980-ல் முதல் பீரைக் காய்ச்சிய சியெரா நெவாடா ஆலையின் கென் கிராஸ்மன் அவர்களுள் ஒருவர்.

2023-ம் ஆண்டளவில் அமெரிக்க ஆலைகளின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது. வகைகளும் பெருகின. வகைகள் பெருகிய இடத்தில் ஒப்பீடும், ஒப்பீடு தோன்றிய இடத்தில் வாதமும் பின்தொடர்ந்தன.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஒப்பிடுபவர் முதலில் அறிய வேண்டியது வேறுபாட்டின் காரணம். பீர் நான்கு பொருள்களிலிருந்து உண்டாகிறது: நீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டச் செய்து, சூட்டில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். குறைந்த சூட்டில் உலர்த்திய மால்ட் ரொட்டியின் மணத்தையும், அதிகச் சூட்டில் வறுத்த மால்ட் காப்பிக்கொட்டையின் மணத்தையும் கருநிறத்தையும் தரும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள மாச்சத்து என்ஸைம்களால் சர்க்கரையாக மாறுகிறது. இச்சர்க்கரையை ஈஸ்ட் உட்கொண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அதோடு, பழ மணம் தரும் எஸ்டர்களையும் சிறிதளவு உண்டாக்குகிறது. சில கோதுமைப் பீர்களில் வாழைப்பழ மணம் வீசுவதற்கு ஐஸோஅமைல் அஸிடேட் என்னும் எஸ்டரே காரணம்; பழம் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூங்கொத்து. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறி நீரில் கரைந்து கசப்பைத் தருகின்றன. கொடியின் வாசனை எண்ணெய்களோ கொதிக்கும்போது ஆவியாகிவிடும். ஆகவே கசப்பு வேண்டுமாயின் ஹாப்ஸைத் தொடக்கத்திலும், மணம் வேண்டுமாயின் இறுதியிலும் சேர்ப்பர். கசப்பை அளக்க ஓர் அலகு உண்டு. ஒரு லிட்டரில் உருமாறிய ஆல்ஃபா அமிலம் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருந்தால் அது ஓர் அலகு. பெரிய ஆலைகளின் மென்மையான பீரில் இது 10-ஐ ஒட்டி இருக்கும். ஸாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகரில் 30. சியெரா நெவாடா பேல் ஏலில் 38.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 38 அலகு கொண்டது 30 அலகு கொண்டதைவிட நாக்குக்கு எப்போதும் அதிகக் கசப்பாகத் தோன்றும் என்று சொல்வதற்கில்லை. மால்ட்டின் இனிப்பு மிகுந்தால் கசப்பு அடங்கித் தோன்றும். கருவி அளப்பது ஒரு பொருளின் அளவை. நாக்கு அறிவது பல பொருள்களின் கூட்டு விளைவை. எனவே இரசாயனப் பரிசோதனை சுவைச் சோதனைக்குத் துணையாகலாமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

காஸ்கேட் ஹாப்ஸின் கதை

அமெரிக்கச் சிற்றாலைப் பீருக்குத் தனி அடையாளம் தந்தது காஸ்கேட் என்னும் ஹாப்ஸ் ரகம். இதை உருவாக்கியது ஓர் அரசாங்க ஆராய்ச்சித் திட்டமாகும். ஓரிகன் ராஜ்யத்தின் கோர்வாலிஸ் நகரில் அமெரிக்க விவசாய இலாகா நடத்திய பயிர்ப்பெருக்கத் திட்டத்தில், அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் ரகங்கள் தேடப்பட்டன. ஆங்கில ரகமான ஃபகிளும் ரஷ்ய ரகமான செரிப்ரியாங்காவும் இதன் முன்னோர். 1956-ல் தேர்வுக்கு வந்த இந்நாற்று, 1972-ல்தான் காஸ்கேட் என்ற பெயருடன் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. இடையில் பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

அக்காலத்துப் பெரிய ஆலைகள் ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளின் ஹாப்ஸ் மணத்தையே உயர்ந்ததாகக் கருதிவந்தன. காஸ்கேட்டின் மணமோ பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழத்தையும் பூக்களையும் நினைவூட்டுவது. ஐரோப்பிய மணத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இம்மணத்தைக் குறையென்றே குறிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஆங்கர் ஆலை 1975-ல் வெளியிட்ட லிபர்ட்டி ஏலிலும், பின்னர் சியெரா நெவாடா பேல் ஏலிலும் இதே மணம் முன்னிலை பெற்றது. ரசிகர்கள் அதைத் தேடி வாங்கினர். நோய் எதிர்ப்புக்காகத் தேடப்பட்ட ரகம், மணத்துக்காகப் பெயர் பெற்றது.

பயிர் ரகங்களைச் சோதிக்கும் ஊழியர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. “இது பழைய ரகத்தைப் போல் இருக்கிறதா?” என்பது ஒரு கேள்வி; “இது நன்றாக இருக்கிறதா?” என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கு விடையாக எழுதிவிட்டால், நல்ல ரகம் ஒன்று ஏட்டிலேயே முடிந்துபோகக்கூடும்.

வாக்கெடுப்பும் அதன் எல்லையும்

ரசிகர்கள் முதலில் கையாண்ட முறை வாக்கெடுப்பு. அமெரிக்க வீட்டுப் பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் ‘ஸைமர்ஜி’ என்னும் பத்திரிகை, நாட்டில் விற்பனையாகும் பீர்களுள் தங்களுக்குப் பிடித்தவற்றைத் தெரிவிக்குமாறு வாசகர்களைக் கேட்டு ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட்டுவந்தது. 2009 முதல் 2016 வரை எட்டு ஆண்டுகள் அதில் முதலிடம் பெற்றது, கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை தயாரித்த பிளைனி தி எல்டர். இயற்கையைப் பற்றி எழுதிய பண்டை ரோமானிய அறிஞரின் பெயர் தாங்கியது இது, ஹாப்ஸ் மிகுந்தது, நூற்றுக்கு 8 பங்கு ஆல்கஹால் கொண்டது. 2017-ல் மிஷிகன் ராஜ்யத்து பெல்ஸ் ஆலையின் டூ ஹார்ட்டட் ஏல் அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. இது ஸென்டென்னியல் என்னும் ஒரே ஹாப்ஸ் ரகத்தால் ஆனது. ஆல்கஹால் நூற்றுக்கு 7 பங்கு.

2016-க்கும் 2017-க்கும் இடையில் பிளைனியின் சுவை குறைந்துவிட்டதா? வாக்கெடுப்பு அதைச் சொல்லாது. வாக்களித்தவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பருகியவர் அல்லர். தாம் அறிந்தவற்றுள் பிடித்ததைக் குறித்தவர். பிளைனி சில ராஜ்யங்களில் மட்டுமே விற்கப்பட்டது. டூ ஹார்ட்டட்டோ அதைவிடப் பரந்த பகுதியில் கிடைத்தது. கிடைப்பதற்கரியது என்ற எண்ணமே ஒரு பொருளுக்கு மதிப்பைக் கூட்டுவதும் உண்டு. எளிதில் கிடைப்பது அதிக வாக்குகளைக் கூட்டுவதும் உண்டு. வாக்களித்தவர்களும் வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆர்வம் உடையவர்கள். பொதுமக்களின் பிரதிநிதிகள் அல்லர். ஆகவே பட்டியல் கூறுவது, இன்ன பத்திரிகையின் வாசகர்கள் இன்ன ஆண்டில் எதை விரும்பினர் என்பதை மட்டுமே. அந்த அளவில் அது உண்மை. அதற்கு மேல் பொருள்கொண்டால் பிழை.

பெயரும் தீர்ப்பைப் பாதிக்கிறது. அமெரிக்கச் சிற்றாலைச் சங்கத்தின் வரையறைப்படி, ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்கு மேற்படாததும், சிற்றாலை அல்லாத மதுபான நிறுவனத்தின் பங்கு நூற்றுக்கு 25-க்குக் குறைந்ததுமான ஆலையே ‘கிராஃப்ட்’ எனப்படும். ஒரு பீப்பாய் சுமார் 117 லிட்டர். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-ல் ஒரு மாபெரும் நிறுவனம் வாங்கியதும் அவ்வாலை இவ்வரையறைக்குப் புறம்பாயிற்று. கையொப்பமான அன்று பீப்பாயிலிருந்த பானம் மாறவில்லை. அதைப் பற்றிய ரசிகர்களின் பேச்சு மாறியது. உரிமையாளர் யார் என்று அறிய விரும்புவது நியாயமே. ஆனால் அவ்விஷயம் சுவைத் தீர்ப்பினுள் அறியாமலே நுழைந்துவிடக் கூடாது.

வாக்கிலிருந்து மறைசோதனைக்கு

இவ்வுண்மையை ரசிகர்கள் தம் அனுபவத்தாலேயே உணர்ந்தனர். 1982-ல் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பாப்பாஸியன் முன்னின்று தொடங்கிய ‘மகா அமெரிக்கப் பீர் விழா’வில், அடுத்த ஆண்டு முதல் விழாவுக்கு வந்தவர்களின் வாக்கைக்கொண்டே பரிசு வழங்கப்பட்டது. கூட்டத்தினரின் வாக்கில் ஆலையின் பெயரும், விளம்பரமும், உபசரிப்பும் கலந்துவிடும் என்பது வெளிப்படை. 1987-ல் பயிற்சி பெற்ற நடுவர்களைக் கொண்ட மறைசோதனை புகுத்தப்பட்டது. கூட்டத்தினரின் வாக்கு பின்னர் கைவிடப்பட்டது.

மறைசோதனையில் நடுவருக்குக் கிண்ணமும் அதன் எண்ணும் மட்டுமே தெரியும். ஆலையின் பெயர் தெரியாது. கருநிற ஸ்டவுட்டை வெளிர் லாகரோடு ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் தனிப் போட்டி நடைபெறும். சமீப ஆண்டுகளில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் பதக்கங்கள் வழங்கப்பட்டுள்ளன. வகை பிரித்தல் முக்கியமான சீர்திருத்தமாகும். மாம்பழத்தையும் எலுமிச்சையையும் ஒரே மதிப்பெண் தாளில் நிறுத்துவது எலுமிச்சைக்கு அநீதி.

வீட்டுப் பீர்ப் போட்டிகளின் நடுவர்களுக்குப் பயிற்சியளித்துச் சான்றிதழ் வழங்கும் திட்டம் ஒன்று 1985-ல் ஏற்பட்டது. அதன் மதிப்பெண் தாள் 50 மதிப்பெண்களைக் கொண்டது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, பொதுவான மதிப்புக்கு 10. கண்ணைக் கவரும் தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பது கவனிக்கத்தக்கது. மேலும், நடுவர் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு தலைப்பின் கீழும் தாம் உணர்ந்ததைச் சொற்களில் எழுத வேண்டும். அத்தாள் பீரைக் காய்ச்சியவருக்கே திரும்பிச் செல்கிறது. அவருடைய பல வார உழைப்பு அதில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. “நன்றாக இல்லை” என்ற சொல்லால் அவருக்குப் பயனில்லை. “வெண்ணெய் மணம் இருக்கிறது” என்ற குறிப்பால் பயனுண்டு. வெண்ணெய் மணத்துக்குக் காரணம் டைஅஸிடைல். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பீரைப் பிரித்தெடுத்தால் அது மிஞ்சி நிற்கும். அடுத்த முறை சில நாள் பொறுத்தால் குறை நீங்கிவிடும்.

இத்தகைய சொற்கள் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். இதற்காக 1970-களில் மார்ட்டன் மைல்கார்ட் முதலியோர் பீரின் மணங்களையும் சுவைகளையும் வகுத்து, ஒரு சக்கர வடிவில் அமைத்தனர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாதிரிப் பொருளைக் காட்டிப் பயிற்சியளிப்பது வழக்கம். கிரேப்ஃபுரூட்டை முகர்ந்தறியாதவர் அச்சொல்லை எழுதுவதில் பொருளில்லை. வெயில் பட்ட பீரில் எழும் துர்மணம், அட்டை போன்ற பழமை மணம், வேகவைத்த சோளத்தின் மணம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெயரும் காரணமும் உண்டு. இவற்றுள் வெயில் மணத்தை உண்டாக்கும் கந்தகச் சேர்மம், ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். மூக்கு எவ்வளவு நுட்பமான கருவி என்பதை இது காட்டுகிறது.

மூன்று கேள்விகள்

சுவை ஒப்பீட்டில் எழும் குழப்பங்களுக்குப் பெரும்பாலும் காரணம், மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுவதே. அவையாவன:

(1) இரண்டுக்கும் வேறுபாடு உண்டா?
(2) உண்டெனின், வேறுபாடு எத்தன்மையது?
(3) இரண்டில் எது விரும்பப்படுகிறது?

முதற் கேள்விக்கு உரியது முக்கிண்ணச் சோதனை. 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்தி விளக்கினர். மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே பானமும், ஒன்றில் வேறு பானமும் இருக்கும். வேறானது எது என்று சுவைப்பவர் சொல்ல வேண்டும். ஒன்றும் அறியாதவர்கூட மூன்றில் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடலாம். ஆகவே 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. குறைந்தது 8 பேர் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டென்று ஓரளவு உறுதியாகக் கூறலாம். வேறுபாடே இல்லாதபோது, தற்செயலாக 8 அல்லது அதற்கு மேற்பட்டோர் சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கும் குறைவு. சுவைப்பவர் 24 பேராயின் 13 பேரும், 30 பேராயின் 15 பேரும் சரியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கேள்விக்குச் சொல்வளமும் பயிற்சியும் உள்ள சிறு குழு தேவை. இக்குழுவினரிடம் “உங்களுக்குப் பிடித்ததா?” என்று கேட்கக் கூடாது, பயிற்சியே அவர்களைச் சாதாரண மக்களிடமிருந்து வேறுபடுத்திவிடுகிறது. மூன்றாம் கேள்விக்கு அதற்கு மாறாகப் பயிற்சியற்ற பலர் தேவை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இணைச் சோதனை இதற்குப் போதும். 20 பேரில் 12 பேர் ஒன்றை விரும்பினர் என்பது முடிவாகாது. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு வரக்கூடும். 15 பேராவது ஒரு பக்கம் சாய வேண்டும்.

ரசிகர்கள் இருவர் “பிளைனியே சிறந்தது”, “டூ ஹார்ட்டட்டே சிறந்தது” என்று வாதிடும்போது, அவர்கள் மூன்றாம் கேள்வியில் நிற்கின்றனர். முதற் கேள்வியில் அவர்கள் தேறுவார்களா என்று யாரும் சோதித்ததில்லை. பெயரை மறைத்து மூன்று கிண்ணங்களை வைத்தால், உறுதியாகப் பேசியவர் தயங்குவதும், பேசாதிருந்தவர் சரியாகச் சொல்வதும் நிகழக்கூடும்.

இக்கணக்குகளுக்கும் பீர் ஆலைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1899-ல் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் சேர்ந்த வில்லியம் கோஸெட், குறைந்த எண்ணிக்கையுள்ள சோதனைகளிலிருந்து முடிவு காணும் முறையை ஆராய்ந்து, 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். விவசாயக் களச் சோதனைகளில் இன்றும் கையாளப்படும் ‘டி’ சோதனை அதிலிருந்து பிறந்ததே.

சோதனையைக் கெடுப்பவை

பெயரை மறைத்தால் மட்டும் போதாது. பின்வருவன எல்லாம் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

உஷ்ணநிலை: மிகக் குளிர்ந்த பானத்தில் மணப் பொருள்கள் குறைவாகவே ஆவியாகும், குறைகளும் மறைந்துவிடும். 3 டிகிரி ஸென்டிகிரேடில் ஒன்றும் 10 டிகிரியில் மற்றொன்றும் வைத்து ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது குளிர்ச்சியே தவிரப் பானமன்று.

வயது: ஹாப்ஸ் மணம் நாள்பட நாள்படக் குன்றும். பிளைனியின் புட்டியிலேயே அதைச் சேமித்து வைக்காமல் புதிதாகப் பருகுமாறு அறிவுரை அச்சிடப்பட்டுள்ளது. ஆலைக்கு அருகில் வாழ்பவரும் ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்பவரும் ஒரே பெயருள்ள, ஆனால் ஒன்றல்லாத பானத்தைப் பற்றிப் பேசுகின்றனர்.

வரிசை: கசப்பு மிகுந்ததன் பின் வரும் மென்மையான பானம் நீர்போல் தோன்றும். ஆகவே கிண்ணங்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். முக்கிண்ணச் சோதனையில் ஆறு வரிசைகள் உண்டு. ஆறும் சம எண்ணிக்கையில் வர வேண்டும்.

களைப்பு: சில மாதிரிகளுக்குப் பின் நாக்கு சோர்ந்துவிடும். இடையிடையே நீர் பருகி வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

பேச்சு: ஒருவர் முகம் சுளித்தால் மற்றவர் முடிவும் மாறும். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை ஒருவரும் பேசலாகாது.

அளவுகோலும் மாறும்

இத்தனையும் செய்தபின் கிடைக்கும் தீர்ப்பும் என்றென்றைக்கும் உரியதன்று. பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட பீரின் தொடர்பால் ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயர் உண்டாயிற்று. அப்பெயரைத் தாங்கிய அமெரிக்கப் பீர், அமெரிக்க ஹாப்ஸால் வேறொரு தன்மையைப் பெற்றது. நெடுங்காலம் தெளிவே அதன் இலக்கணமாகவும் கலங்கல் குறையாகவும் கருதப்பட்டன. வெர்மான்ட் ராஜ்யத்தில் தி ஆல்கெமிஸ்ட் ஆலை தயாரித்த ஹெடி டாப்பர் முதலியவை கலங்கலாகவே இருந்து ரசிகர்களைக் கவர்ந்தன. 2018-ல் சிற்றாலைச் சங்கம் தன் வகைப் பட்டியலில் கலங்கலான இந்தியா பேல் ஏலுக்குத் தனி இடம் அளித்தது. நேற்றுவரை மதிப்பெண்ணைக் குறைத்த குணம், புதிய வகையில் அதன் அடையாளமாயிற்று. காஸ்கேட்டின் கதை இங்கு மீண்டும் நிகழ்ந்ததைக் காணலாம். நடுவரின் நேர்மை மட்டும் போதாது; அளவுகோலை அவ்வப்போது சோதிக்கும் பணிவும் தேவை.

வகுப்பிலும் களத்திலும்

நம் அரசியலமைப்பின் 47-வது பிரிவு மதுவிலக்கை அரசின் கொள்கைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆல்கஹால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என 1988-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியது. ஆகவே இப்பயிற்சியைத் தேநீரைக்கொண்டே நடத்த வேண்டும். தேநீருக்கு இதில் பெருமைக்குரிய இடமும் உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. ஃபிஷர், பால் முன்னே ஊற்றப்பட்டதா, தேநீர் முன்னே ஊற்றப்பட்டதா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியின் கூற்றைச் சோதிக்கும் முறையை 1935-ல் வெளியான தம் நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒரு வகை, நான்கு மற்றொரு வகை. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு; எனவே ஊகத்தால் முற்றும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-ல் ஒன்று.

வகுப்பில் இரு கடைகளின் தேயிலையை ஒரே அளவில், ஒரே நேரம் கொதிக்கவைத்து, பாலும் சர்க்கரையும் இன்றி மூன்று கிண்ணங்களில் அளிக்கலாம். கிண்ணங்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிடாமல் 417, 582, 936 போன்ற எண்களை இட வேண்டும். ‘1’ என்ற எண்ணே முதன்மையைக் குறிப்பதாக மாணவர் மனத்தில் தோன்றக்கூடும். முடிவுகளைக் கரும்பலகையில் எழுதும்வரை எது எதுவென்று ஆசிரியருக்கும் தெரியாதிருத்தல் நலம். இன்னொருவர் கிண்ணங்களை நிரப்பிக் குறிப்பை மூடி வைத்திருக்கலாம்.

கள ஊழியர்கள் புதிய நெல் ரகத்தின் சோற்றைக் கிராமத்தாருக்கு அளித்துக் கருத்துக் கேட்கும்போதும் இதே முறை பயன்படும். ரகத்தின் பெயரை முன்னதாகச் சொன்னால், ஊழியரின் மனம் கோணக் கூடாது என்பதற்காகவே சிலர் புகழ்வர். பழையதன்மேல் உள்ள பற்றினால் சிலர் இகழ்வர். இரண்டும் சோற்றைப் பற்றிய செய்தி அல்ல. அவ்வறிக்கையை நம்பி விவசாயி ஒருவர் தம் வயல் முழுவதும் அந்த ரகத்தை விதைக்கக்கூடும். விளைந்ததைச் சந்தையில் வாங்குவார் இல்லையெனின் நஷ்டம் அவருடையது. எனவே பெயரை மறைத்து, வரிசையை மாற்றி, தனித்தனியே கேட்டு எழுதும் சிறு சிரமத்தைத் தவிர்க்கலாகாது.

பயிற்சிக்குரிய வினாக்கள்

1. ஒரு வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற பொருளைச் ‘சிறந்தது’ என்று ஏன் உடனே கூற முடியாது? இரு காரணங்கள் தருக.
2. முக்கிண்ணச் சோதனையில் 24 பேருள் 10 பேர் சரியாகச் சொன்னால் என்ன முடிவுக்கு வரலாம்?
3. பயிற்சி பெற்ற சுவையறிவோரிடம் விருப்பத்தைக் கேட்கலாகாது என்பது ஏன்?
4. காஸ்கேட் ஹாப்ஸ், கலங்கலான இந்தியா பேல் ஏல் ஆகிய இரண்டின் வரலாற்றிலும் பொதுவாகக் காணப்படும் உண்மை யாது?
5. உங்கள் பகுதியில் பயிராகும் இரு வாழை ரகங்களையோ இரு நெல் ரகங்களையோ ஒப்பிடுவதற்கு ஒரு சோதனைத் திட்டம் வகுத்து, மேலே கூறிய மூன்று கேள்விகளுள் அது எதற்கு விடையளிக்கிறது என்று குறிப்பிடுக.